சட்டைப் பையில் இருந்த கப்பல்

சைப்ரஸில் புழங்கும் பத்து, இருபது, ஐம்பது சென்ட் நாணயங்களின் ஒரு பக்கம் பாய்மரக் கப்பல் இருக்கிறது. லிமாசோலுக்குக் குடிவந்து இரண்டு வருடம் அந்தக் கப்பலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே திரிந்திருக்கிறேன், ஒரு நாள்கூட உற்றுப் பார்த்ததில்லை. இத்தனைக்கும் நான் பதினோரு வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக ஓடியவன், இப்போது கரையில் உட்கார்ந்து அதே கப்பல்களின் ரிப்பேர் கணக்குப் பார்ப்பவன். கண்டுபிடித்தது என் ஒன்பது வயது மகள். உண்டியலைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தவள், "அப்பா, இந்தக் கப்பல்ல ஒரே ஒரு பாய்தான் இருக்கு, இது என்ன கப்பல்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசை அம்மாவிடம் கேட்டேன். கிரேக்க சைப்ரஸ்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். "கெரினியா கப்பல். அந்தப் பக்கம் இருக்கிறது" என்றார். அப்புறம் ஒரு நிமிடம் கழித்து, "என் அம்மா பிறந்த ஊர்" என்றார். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. 1974-ல் துருக்கிப் படை வடக்கைப் பிடித்துத் தீவு இரண்டாகப் பிளந்தபோது வடக்கிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. இந்த ஊரில் பழைய கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது வாக்கியத்துக்குள் இந்த விஷயத்தில் வந்து முட்டிவிடும், அதை முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் அதற்கு முந்தைய வருடக் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய இடங்களை எப்படிப் பார்க்கக் கூடாது என்று கற்றது அப்போதுதான். வந்த புதிது, ஆகஸ்ட் மாதம், பாஃபோஸில் ரோமானியர் காலத்து வீடுகளின் மொசைக் தரைகள், அதாவது வண்ணக் கல் துண்டுகளைப் பதித்துச் செய்த படங்கள், இருக்கின்றன, உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1980-லேயே இடம்பிடித்தவை என்று யாரோ சொல்ல, ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு பதினோரு மணிக்குக் கிளம்பினோம். இங்கே வண்டி இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், வீட்டில் பிளக்கும் மூன்று முள்தான், எல்லாம் பிரிட்டிஷ்காரன் விட்டுப்போனது, அதனால் நமக்குப் பயணம் ஒன்றும் கஷ்டமில்லை. போய் இறங்கியதும்தான் தெரிந்தது, அந்த வளாகம் கடலோரத்தில் மரமே இல்லாத பெரிய பொட்டல். தலைக்கு மேல் வெயில், கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில், மகள் காலில் மெல்லிய செருப்பு. டயோனிசஸ் வீடு, தீசியஸ் வீடு, அயோன் வீடு, கோட்டை, அரங்கம் என்று வரைபடத்தில் இருந்த எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்தில் மிதித்துவிட்டு வந்தோம். ராத்திரி போனில் படங்களைப் பார்த்தால் எது எந்த வீட்டுத் தரை என்று எங்கள் மூன்று பேருக்குமே சொல்லத் தெரியவில்லை.

நவம்பரில் மறுபடி போனோம், காலை எட்டரைக்கெல்லாம் வாசலில். இந்த முறை ஒரே ஒரு வீடுதான் என்று தீர்மானம். டயோனிசஸ் வீடு 1962-ல் நிலத்தைச் சமன்படுத்த உழுதபோது தற்செயலாக வெளிவந்தது. ஐந்நூற்றைம்பது சதுர மீட்டருக்கு மேல் மொசைக், எல்லாம் கூரைக்குக் கீழே, மரப் பாலத்தில் நின்று குனிந்து பார்க்க வேண்டும். அதில் ஒரு நீண்ட பட்டையில் திராட்சை மது மனிதனுக்குக் கிடைத்த கதை. இக்காரியோஸ் என்பவன் மாட்டு வண்டியில் மதுத் தோல்பைகளை ஏற்றி வருகிறான், பட்டையின் ஓரத்தில் இரண்டு ஆள், ஒருவன் கிண்ணத்தைத் தூக்கிக் குடிக்கிறான், இன்னொருவன் ஏற்கெனவே சாய்ந்துவிட்டான். அவர்கள் தலைக்கு மேல் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது: முதன்முதலாக மது குடித்தவர்கள். கதை அதோடு முடியவில்லை. போதையைப் பார்த்த ஆட்கள், விஷம் வைத்துவிட்டான் என்று நினைத்து இக்காரியோஸைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தப் பட்டையின் முன்னால் மட்டும் இருபது நிமிடம் நின்றோம். கல் துண்டுகள் எவ்வளவு சின்னவை என்றால், குடிப்பவனின் கன்னத்துக்கு மட்டும் நாலைந்து நிறம் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் அந்தக் கன்னம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆகஸ்டில் பார்த்த ஐந்து இடங்களில் ஒன்றும் இல்லை. இது என் அனுபவம், உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம், ஆனால் குழந்தையோடு போகிறவர்கள் ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி, மூடிய ஷூ, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஜூன் முதல் செப்டம்பர் வரை பதினோரு மணிக்கு மேல் திறந்தவெளி எதற்கும் போகாதீர்கள்.

சரி, கப்பலுக்கு வருகிறேன்.

கெரினியா வடகரையில் இருக்கிறது. நிகோசியாவில் வண்டியோடு கடக்க ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது, 2003-லிருந்து இப்படிப் போய்வர முடிகிறது. எங்களிடம் இங்கத்திய குடியிருப்பு அட்டை இருந்ததால் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போனோம். விசாவில் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் திரும்பி வருவதில் சிக்கல் இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே போய் நின்றுகொண்டு கேட்காதீர்கள். தெற்கில் எடுத்த கார் இன்சூரன்ஸ் வடக்கில் செல்லாது, சாவடியிலேயே தனியாக ஒன்று வாங்க வேண்டும். மலிவு டிக்கெட் என்று நேராக வடக்கு விமான நிலையத்தில் இறங்கிவிட்டுத் தெற்குக்கு வரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், சைப்ரஸ் குடியரசு அதைச் சட்டவிரோத நுழைவாகத்தான் பார்க்கிறது. இன்னொன்று, நாங்கள் அரை மணி நேரம் சுற்றியதே இதனால்தான்: வடக்கில் பலகைகளில் கெரினியா என்று எங்கும் எழுதியிருக்காது, கிர்னே என்றுதான் இருக்கும். நிகோசியா லெஃப்கோஷா, ஃபமகுஸ்தா காஸிமாகுசா. தெற்கில் அதே ஃபமகுஸ்தா அம்மோகோஸ்டோஸ். ஒரு ஊருக்கு மூன்று பெயர், மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினால் மனைவியோடு சண்டை வராது.

துறைமுகத்தை ஒட்டிக் கோட்டை, கோட்டைக்குள் கப்பல். கிரேக்க சைப்ரஸ் முக்குளிப்பவரான அந்திரேயாஸ் காரியோலு 1965-ல் கடலடியில் ஜாடிக் குவியலைப் பார்த்தார், இடத்தை 1967-ல் மைக்கேல் கட்ஸெவ் என்ற அமெரிக்க ஆய்வாளருக்குக் காட்டினார், 1968, 69 இரண்டு பருவங்களில் முப்பது மீட்டர் ஆழத்தில் அகழ்ந்தார்கள். மணலில் புதைந்த பக்கம் அழுகாமல் இருந்தது. மரம் துண்டு துண்டாக மேலே வந்தது, கோட்டைக்குள் வைத்துத் திரும்பக் கோத்தார்கள்.

மங்கலான வெளிச்சம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கறுத்த மரம். பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, சின்னது. பதினாலு மீட்டர் இருக்கும், அவ்வளவுதான், நான் கடைசியாக ஓடிய கப்பலின் எஞ்சின் அறைக்குள் குறுக்கே வைத்துவிடலாம். அப்புறம் பலகைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். நம் காலத்து மரப்படகுக்கு முதலில் ஏரா, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம், அதன்மேல் விலாச் சட்டம், எங்கள் ஊர்ப்பக்கம் வங்கு என்பார்கள், அதற்கப்புறம் மேலே பலகை அடிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதில் தலைகீழ். பலகையின் விளிம்பில் துளை வெட்டி, அதற்குள் தட்டையான மரத்துண்டைச் செருகி, அடுத்த பலகையின் துளையை அதில் பொருத்தி, இரண்டு பக்கமும் குறுக்கே மரமுளை அடித்து, இப்படியே பலகை மேல் பலகையாகக் கப்பலின் வெளிக்கூட்டை முதலில் கட்டிவிடுகிறார்கள். விலாச் சட்டம் அதற்கப்புறம்தான் உள்ளே வருகிறது. ஆயிரக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றும் கையால் உளி பிடித்து வெட்டியது. ஒரு துளை அரை விரற்கடை தள்ளிப் போனாலும் அடுத்த பலகை உட்காராது. உலர் துறையில் ஒரு தகடு மாற்றுவதற்கு எத்தனை பேர் எத்தனை மின்னஞ்சல் அனுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிட என்னை நிறுத்தியது வேறு. அது புதுக்கப்பல் இல்லை. முங்கும்போதே கிழடு. பல தடவை பழுதுபார்த்திருக்கிறார்கள், கடைசிக் காலத்தில் வெளிப்பக்கம் முழுக்க ஈயத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். இந்த வேலையை நான் தினமும் பார்க்கிறேன்: முதலாளிக்குப் புதுசு வாங்க மனசில்லை, இன்னும் இரண்டு வருடம் ஓட்டு, ஒட்டுப் போடு. ஆக இருபத்து மூன்று நூற்றாண்டாக இந்தத் தொழிலில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

சரக்கு என்ன? ஏறக்குறைய நானூறு ஆம்போரா, அதாவது இரண்டு கைப்பிடியும் கூர் அடியும் வைத்த மண்ஜாடி, பெரும்பாலானவை ரோட்ஸ் தீவுச் சரக்கு. அடியில் பாரத்துக்கு எரிமலைக் கல்லில் செய்த இருபத்தொன்பது திரிகைக் கற்கள். பாதாம் பருப்பு பத்தாயிரத்துக்குக் கிட்ட, ஓடு அப்படியே இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் குவித்து வைத்திருக்கிறார்கள். வலைக்குக் கட்டும் ஈயக் குண்டு முந்நூறு, ஆக போகிற வழியில் மீன் பிடித்துத் தின்றிருக்கிறார்கள். அப்புறம் நாலு மரக்கரண்டி, நாலு எண்ணெய்க் குடுவை, நாலு உப்புக் கிண்ணம், நாலு குவளை. எல்லாமே நாலு நாலாகக் கிடைத்ததால்தான் கப்பலில் நாலு பேர் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். கப்பல் மெஸ்ஸில் சாப்பிட்டவனுக்குத் தெரியும், அங்கே தட்டும் கரண்டியும் தலைக்கணக்குத்தான், ஒன்று கூட இருக்காது, ஒன்று குறைந்தால் சண்டை.

கப்பலின் வயதைச் சொல்லும் கதையும் எனக்குப் பிடித்தது, எஞ்சின்காரனுக்குப் பழக்கமான கிளைகால் என்ற வேதிப்பொருள் சம்பந்தப்பட்டதால். இரண்டாயிரம் வருடம் ஊறிய மரத்தைச் சும்மா காயவிட்டால் சுருங்கி உதிர்ந்துவிடும். அதனால் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு மாதிரிப் பொருளை மாதக்கணக்கில் ஊறவைத்து மரத்துக்குள் இருந்த தண்ணீரின் இடத்தில் அதை ஏற்றுகிறார்கள். மரம் பிழைத்தது, ஆனால் அந்த மெழுகு பெட்ரோலியத்திலிருந்து வருவது. பெட்ரோலியத்தில் இருக்கும் கார்பன் கோடிக்கணக்கான வருடப் பழசு, வயதைக் கணக்கிட உதவும் ரேடியோ கார்பன் வருடம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போவது, அதனால் இதில் அது துளிகூட மிச்சமில்லை. அந்த மெழுகு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மரத்தின் வயதைக் கூட்டிக் காட்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டர்ட் மேனிங் குழு அந்த மெழுகை மரத்திலிருந்து சுத்தமாக நீக்க வழி கண்டுபிடித்து, பாதாமையும் சேர்த்துச் சோதித்து, ஒப்பிடும் அளவுகோலையும் திருத்தி, 2024-ல் முடிவை வெளியிட்டது: கப்பல் முங்கியது பெரும்பாலும் கி.மு. 286-க்கும் 272-க்கும் நடுவில். மரம் வெட்டியது எப்போதோ இருக்கலாம், கப்பல் பல வருடம் ஓடியிருக்கும், பாதாம் அப்படியில்லை, காய்த்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் ஏற்றியிருப்பார்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டியை அடுத்த தடவை வேறு கண்ணோடு பார்த்தேன்.

அடுத்தது நிகோசியா. ஒன்று, இரண்டு யூரோ நாணயத்தில் சிலுவை மாதிரி கையை விரித்து நிற்கும் பொம்மை இருக்கிறதே, போமோஸ் உரு, அதைப் பார்க்க சைப்ரஸ் அருங்காட்சியகத்துக்கு லீவு போட்டுப் போனோம். திங்கட்கிழமை. பூட்டியிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, வாசலில் எழுதியே இருக்கிறது. இரண்டாம் தடவை பார்த்தோம். ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய உரு, ஒரு சாண் நீளம்கூட இல்லை, அதன் கழுத்தில் அதே மாதிரி ஒரு குட்டி உரு தொங்குகிறது. நாணயத்தில் உற்றுப் பார்த்தால் அதுவும் தெரிகிறது. மகள் அன்று முழுக்க இரண்டு யூரோவைக் கையில் இறுக்கிக்கொண்டே திரிந்தாள்.

பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து அம்மா வந்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் ஏறி இறங்க வேண்டாத இடமாகப் பார்த்து குக்லியாவுக்குக் கூட்டிப்போனேன். பழைய பாஃபோஸ் அங்கேதான் இருந்தது, அப்ரோடைட்டியின் பெரிய கோயில். இப்போது அடித்தளமும் சில பெருங்கற்களும்தான், அதை மட்டும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பக்கத்திலேயே, இடைக்காலத்தில் சைப்ரஸை ஆண்ட லூசின்யான் அரசர்கள் காலத்து மாளிகைக்குள் சின்ன அருங்காட்சியகம், முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் கல்லைப் பார்க்க வரவேண்டும். உள்ளே ஒரு மீட்டருக்கு மேல் உயரமான கருங்கூம்பு ஒன்று நிற்கிறது. கோயிலின் மூல மூர்த்தி அதுதான் என்று கருதுகிறார்கள்.

அம்மா செருப்பைக் கழற்றப் போய்விட்டார்கள்.

"ஏல, இது நம்ம லிங்கம்லா?"

"இல்லம்மா, இது அப்ரோடைட்டி. பெண் தெய்வம்."

"பொம்பளச் சாமியா? பின்ன ஏன் மூஞ்சி வைக்கல?"

ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸும் இதையேதான் கேட்டார். பாஃபோஸ் தேவிக்கு மனித உருவம் கிடையாது, அடி அகன்று மேலே ஒடுங்கும் வட்டக் கூம்புதான், காரணம் விளங்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டார். அம்மாவின் படத்தைக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டதுதான் தாமதம், சைப்ரஸில் சிவலிங்கம், தமிழன் கால் படாத இடமே இல்லை என்று மாமா ஒரு நீளச் செய்தி அனுப்பிவிட்டார். அவரோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் வடிவம் ஒத்திருப்பதை வைத்து உறவு சொல்ல முடியாது. முகமில்லாத கல்லை வணங்குவது அந்தக் காலத்தில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் சகஜம்: லெபனானின் பைப்லோஸ் நாணயத்தில் கோயில் முற்றத்தில் கூம்புக்கல் நிற்கிறது, சிரியாவின் ஹோம்ஸ் அப்போது எமெசா, அங்கே ஒரு கருங்கல்லைக் கும்பிட்டார்கள், அதை ஒரு ரோமப் பேரரசன் ரோமுக்கே கொண்டுபோனான். குக்லியா கல்லைப் புரிந்துகொள்ள அந்த அண்டை வீட்டுக் கற்கள் போதும். அம்மா ஒரு கும்பிடு போட்டதில் எந்தத் தப்பும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு சங்கடம். லிமாசோல் ஓரத்திலேயே அமாதுஸ் என்ற பழைய நகரம் இருக்கிறது, மாலை நடைக்கு ஏற்றது. அங்கே மகள் மண்ணில் கிடந்த ஜாடிக் கைப்பிடி ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், உடைந்த ஓடுதானே என்று. காவலர் வந்தார். கத்தவில்லை. எடுத்த இடம் எது என்று கேட்டு, அதே இடத்தில் வைக்கச் சொன்னார், நாலடி தள்ளி வைத்ததைக்கூட ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் புரிந்தது. ரோட்ஸ் ஜாடிகளின் கைப்பிடியில் அந்த வருடத்துப் பூசாரியின் பெயரையும் மாதத்தையும் முத்திரை குத்தியிருப்பார்கள், ஒரு கைப்பிடி கிடைத்த மண்ணடுக்குக்கே அதை வைத்துத் தேதி சொல்ல முடியும். இடம் மாறினால் அது வெறும் ஓடு. சட்டமும் கடுமை, தொல்பொருள் அரசாங்கச் சொத்து, துருக்கியிலும் கிரேக்கத்திலும் இதே கதைதான், பையில் ஞாபகத்துக்கு ஒரு கல் இருந்து விமான நிலையத்தில் மாட்டினால் பயணம் நாறிவிடும்.

அதே அமாதுஸிலிருந்து பல டன் எடையுள்ள கல்தொட்டியை 1860-களில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேற்றினார்கள், இப்போது பாரிஸ் லூவரில் நிற்கிறது. 1974-க்குப் பிறகு வடக்கில் கனகரியா தேவாலயச் சுவரிலிருந்து ஆறாம் நூற்றாண்டு மொசைக்குகளைப் பெயர்த்தார்கள். அவற்றில் நான்கை 1988-ல் ஜெனீவாவில் ஒரு அமெரிக்க வியாபாரி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்க, இண்டியானாபொலிஸ் நீதிமன்றத்தில் வழக்காடித்தான் சைப்ரஸ் மீட்டது. அவை நிகோசியாவின் பைசாந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுவரின் வளைவிலிருந்து வெட்டிய விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறது. மகள் கேட்டாள், "அவங்களையும் எடுத்த இடத்துலயே வைக்கச் சொல்லுவாங்களாப்பா?" பதில் சொல்லாமல் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

அம்மா ஊருக்குக் கிளம்பும்போது, கல் எதுவும் கூடாது என்று பெட்டியைப் பார்த்துவிட்டு, ஒரு ஐம்பது சென்ட் கொடுத்தேன். போன வாரம் போனில், பூஜை அறையில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

"அந்தக் கப்பல்ல எத்தன பேருன்னு சொன்ன?"

"நாலு பேரும்மா."

"என்ன ஆச்சு, புயலா?"

கப்பலுக்கு அடியில் இரும்பு ஈட்டி முனைகள் கிடைத்ததையும், கடற்கொள்ளையர் தாக்கியிருக்கலாம் என்று சிலர் நினைப்பதையும் நான் சொல்லவில்லை. பதினோரு வருடம் நான் கடலில் இருந்தபோது வானிலைச் செய்தி கேட்டே தூங்கியவர்கள் அம்மா.

"தெரியலம்மா."

"நாலு பேரும் கரையேறிட்டாங்களா?"

"மனுச எலும்பு எதுவும் அங்க கிடைக்கல. கரையும் பக்கம்தான், ஒரு மைல்கூட இருக்காது."

"அப்ப ஏறியிருப்பானுவ," என்றார்கள் அம்மா, போனை வைத்துவிட்டார்கள்.